சாம்சங், ஐபோன், இயர்பட்ஸ் மூன்றுக்கும் ஒரே பவர் பேங்க்: எதைப் பார்த்து வாங்குவது?

காவிரிக்கரை:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவும் நானும் திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் போகிறோம். என்னிடம் சாம்சங் எஸ்24, அம்மாவிடம் ஐபோன் 13, அப்புறம் ஒரு ப்ளூடூத் இயர்பட்ஸ். பகல் முழுக்க மேப்பும் கேமராவும் ஓடினால் சாயங்காலத்துக்குள் இரண்டு போனும் படுத்துவிடும். கடையில் 20000 எம்ஏஎச், 22.5 வாட்ஸ் என்று போட்ட ஒன்றைக் காட்டி, எந்த போனாக இருந்தாலும் வேகமாக ஏறும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா, இல்லை 10000 போதுமா?

மல்டிமீட்டர்:
பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை விடுங்கள், பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அந்த 22.5 வாட்ஸ் பெரும்பாலும் யுஎஸ்பி-ஏ துளையில், ஹுவாவே மாதிரி போன்களின் சார்ஜிங் முறைக்குக் கிடைப்பது. உங்கள் எஸ்24 முழு 25 வாட்ஸ் எடுக்க டைப்-சி துளையில் பிடி (PD, 'பவர் டெலிவரி' என்ற வேக சார்ஜ் முறை) இருந்தால் மட்டும் போதாது, அதன் கூடுதல் வசதியான பிபிஎஸ்ஸும் (PPS) வேண்டும். பிபிஎஸ்ஸில் தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று போனே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கேட்டு வாங்கும், அதனால் சூடும் குறையும். அது இல்லையென்றால் திரையில் 'சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வராது, வெறும் 'ஃபாஸ்ட் சார்ஜிங்' தான். ஐபோன் 13க்கு அந்தச் சிக்கல் இல்லை, 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்று ஒரு வரி இருந்தால் சரி, ஆனால் டைப்-சி டு லைட்னிங் கேபிள் வேண்டும், பழைய யுஎஸ்பி-ஏ கேபிளைச் செருகினால் மெதுவாகத்தான் ஏறும்.

இன்னொன்று, இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் போன் மாட்டினால் பல பவர் பேங்குகள் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நீங்கள் இரண்டு பேர் என்பதால் இதைக் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

மலைக்கோட்டை:
கொள்ளளவு பற்றி நான் சொல்கிறேன். 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு, அதாவது 37 வாட்-அவர். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும்போது கையில் கிடைப்பது 6000 எம்ஏஎச் சுற்றுவட்டாரம், 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். எஸ்24 பேட்டரி 4000 எம்ஏஎச். ஆக உங்கள் இரண்டு போனையும் ஒருமுறை நிரப்புவதற்குள் 10000 ஏறக்குறைய காலி. தினமும் ராத்திரி அறைக்குத் திரும்பி அதையும் சார்ஜில் போடுவீர்கள் என்றால் என்னைக் கேட்டால் அதுவே போதும், 20000 என்பது எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நாள் முழுக்க அம்மா தோளில் தொங்கும் பை அது.

ரேட்டட் கெப்பாசிட்டியே போடாத, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத சரக்கைத் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். உள்ளே இருப்பது லித்தியம், விளையாட்டில்லை.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி இருவருக்கும். விமானத்தில் பிரச்சினை வருமா? இயர்பட்ஸுக்கும் இதையே மாட்டலாமா?

ஜன்னலோரம்:
100 வாட்-அவர் வரை அனுமதி உண்டு, 20000 கூட 74தான், அதனால் அளவில் பிரச்சினை இல்லை. ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. அதன்மேல் கொள்ளளவு அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடலாம், அதையும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்கில் போன் சார்ஜ் செய்யத் தடை, இருக்கையில் இருக்கும் யுஎஸ்பியில் பவர் பேங்கைச் சார்ஜ் செய்யவும் கூடாது. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு போனையும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

மல்டிமீட்டர்:
இயர்பட்ஸ் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, போன் கழற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் பாதியில் அணைந்துவிடும். குறைந்த மின்னோட்ட முறை உள்ளதாகப் பாருங்கள், பலவற்றில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் வரும்.