ஓவியச் சந்தையில் எல்லாரும் படம் பிடித்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. எங்கே பிழை?

கோட்டைமான்:
வணக்கம், நான் திருகோணமலை. அக்ரிலிக்கில் வரைகிறேன். கொழும்பில் நடந்த திறந்தவெளி ஓவியச் சந்தை ஒன்றுக்கு முதல் தடவையாகப் போனேன், இரவு ரயிலில் பதினொரு கன்வஸைப் பழைய சாரத்தில் சுற்றிக்கொண்டு போனது தனிக்கதை. எல்லாம் மூன்றடி, நான்கடி. கோட்டைக்குள் திரியும் மான்கள், டச் பே, சுவாமி மலை. நாள் முழுக்கக் கூட்டம், "மான் அருமை" என்று சொல்லாத ஆளில்லை, போனில் படமும் பிடித்தார்கள். விற்றது ஒன்றே ஒன்று, அதுவும் மச்சானின் கூட்டாளிக்கு. பிரேம் அடித்த காசுகூட வரவில்லை. விலையைக் குறைக்கவா?

உப்புவெளியான்:
தம்பி, விலை எழுதி வைத்திருந்தீர்களா?

கோட்டைமான்:
இல்லை அண்ணா. விலை ஒட்டினால் மீன்கடை மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். கேட்டால் சொல்லலாம்தானே?

தூரிகை அக்கா:
கேட்க மாட்டார்கள் தம்பி. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்ப எல்லாருக்கும் கூச்சம், அதனால் "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நானும் புடவைக் கடையில் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் சின்ன அட்டையில் தலைப்பு, அளவு, விலை இருக்கட்டும், தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். கோட்டைக்குள் மான் ஏன் நிற்கிறது என்று இரண்டு வரியும் எழுதுங்கள். நமக்குத் தினமும் பார்த்துப் பழகிய மான், கொழும்பாருக்கு அது கதை. கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொல 1993 இலிருந்து நடக்கிறது, அங்கே போகிறவர்கள் வரைந்தவரோடு நேரே பேசத்தான் வருகிறார்கள், நடுவில் படம் விற்றுக்கொடுக்கும் கலரி கிடையாது. நீங்கள் கதிரையில் இருந்து போனை நோண்டினால் கதை முடிந்தது.

கடல்நீலம்:
பாதி விலைக்குக் கொடுங்கள், முதலில் கை மாறட்டும்.

தூரிகை அக்கா:
வேண்டவே வேண்டாம். முழு விலை கொடுத்த அந்த மச்சானின் கூட்டாளி என்ன நினைப்பார்? பெரிய படத்தின் விலை அப்படியே நிற்கட்டும், பக்கத்தில் சின்னதாக வையுங்கள். ஏ4 தாளில் அசல், மான் படத்தின் பிரின்ட் இருபத்தைந்து மட்டும் எடுத்து 1/25, 2/25 என்று எண்ணும் கையெழுத்தும் போட்டது, அப்புறம் தபாலட்டை. பெரியது ஆளை நிறுத்தும், சின்னதுதான் பையில் போகும்.

உப்புவெளியான்:
இன்னொன்று. இங்கே மே தொடக்கம் செப்டெம்பர் வரை சீசன், புறாத்தீவுக்கு வருகிற வெள்ளைக்காரர் நான்கடிப் பிரேமை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவார்? சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொடுக்கலாம் என்று அட்டையிலேயே எழுதுங்கள். தெரிந்த விடுதி வரவேற்பறையில் இரண்டு படம் மாட்டக் கேளுங்கள், ஆனால் கொமிஷன் எவ்வளவு, பழுதானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி உப்புக்காற்றில் ஒரு படத்தைப் பறிகொடுத்தவன்.

கோட்டைமான்:
சுருட்டினால் வர்ணம் வெடிக்காதா?

உப்புவெளியான்:
வர்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான பிவிசி குழாயின்மேல் தளர்வாகச் சுருட்டுங்கள். அக்ரிலிக் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பொலித்தீனை நேரே படவிடாமல் கேக் தட்டில் போடுகிற ஒட்டாத தாளை இடையில் வையுங்கள்.

தூரிகை அக்கா:
சரி, வந்தவர்களின் நம்பர் ஏதும் வாங்கினீர்களா?

கோட்டைமான்:
கொப்பி வைக்கத் தோன்றவில்லை அக்கா. மானை இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்த ஒரு அம்மா மட்டும் தன் நம்பரைத் தந்தார். மூன்று கிழமை ஆகிவிட்டது, இப்போது எழுதினால் தொல்லையாக இருக்காதா?

தூரிகை அக்கா:
நம்பரைத் தந்ததே எழுதச் சொல்லித்தான். "வாங்குகிறீர்களா" என்று கேட்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், அளவு, விலை, அனுப்பும் செலவு, இவ்வளவும் ஒரே செய்தியில். அவர் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினால் மானை அதில் வைத்துக் காட்டுவதாகக் கடைசியில் ஒரு வரி.

கோட்டைமான்:
வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் அக்கா. நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை.