புதுப்பிப்பு: போர்ட் பிளேர் வீட்டு பீரோவில் பூசணம் – எது வேலை செய்தது

சென்னையிலிருந்து குடும்பத்தோடு போர்ட் பிளேருக்கு வந்த பிறகு மர பீரோவில் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கற்பூரம் நாற்றத்தை மறைத்ததோடு சரி. பலன் தந்தது, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை உள்ளே வைக்கும் யோசனைதான். கூடவே பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். டப்பாவின் மேல்தட்டில் இருக்கும் வெள்ளைக் கட்டிகள் கரையக் கரைய, அடியில் தண்ணீர் சேர்கிறது. பீரோவுக்குள் இவ்வளவு ஈரமா என்று அம்மா இன்னும் நம்பவில்லை. அந்தத் தண்ணீர் சிந்தினால் தோல் கெடும், இரும்பு துருப்பிடிக்கும். பெல்ட், ஷூ பக்கத்தில் வைக்காதீர்கள்.

எதிர்பார்க்காத ஒன்று: இங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும். அதனால் மே முதல் டிசம்பர் வரை டப்பா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், மெத்தையை ஜனவரி வெயிலில் காலையிலேயே போட்டுவிடுங்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும்.