கியர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள், கோளாறு வேறெங்கோ இருந்தது: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

கோவை, புல்லட் 350 (1994)

அப்பாவின் புல்லட்டைப் போன வருடம் பாபர் (வெட்டிக் குறைத்த ஸ்டைல் வண்டி) ஆக்கினேன். பின் மட்கார்டு பாதி போனது, ஒற்றை சீட் வந்தது. குட்டையான சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதில் கூம்பு ஃபில்டர். எல்லாவற்றுக்கும் மேல் ஃபார்வர்டு கன்ட்ரோல், அதாவது ஃபுட்ரெஸ்ட், கியர், பிரேக் மூன்றையும் ஒரு சாணுக்கு மேல் முன்னே தள்ளினோம். வண்டி அம்சமாக வந்தது. ஓட்டத்தான் முடியவில்லை.

பழைய புல்லட் ஓட்டாதவர்களுக்காக: கியர் வலது காலில். மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு. இன்ஜின் தனி, கியர் பெட்டி தனி. இங்கிலாந்தின் ஆல்பியன் வடிவமைப்பு அது. ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு கியரும் பெரிய பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி விழும்.

என்னுடையதில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதித்தால் பத்தில் நாலு முறை கள்ள நியூட்ரல். கால் மிதித்துவிட்டது என்று நினைக்கும், ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறும். நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் 'கடக்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பொரி பொரிவது போலப் பட் பட் பட்.

வண்டியைக் கட்டிக் கொடுத்தவர், "பாக்ஸ் போச்சுங்க, பிரிச்சு பினியன் மாத்தணும்" என்றார். உள்ளே இருக்கிற பல்சக்கரத்தைச் சொல்கிறார். கட்டுவதற்கு முன்பு அதே பெட்டி வெண்ணெய் மாதிரி விழுந்துகொண்டிருந்ததே என்று கேட்டேன். "பழைய வண்டிங்க" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

உக்கடம் பக்கம் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். போர்டு கிடையாது. அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் கியர் லீவரை மெதுவாக அழுத்திக்கொண்டே இன்னொரு கையின் விரலைப் பெட்டிப் பக்கத்து ஷாஃப்டில் வைத்திருந்தார். அப்புறம், "பொட்டிக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நீ மிதிக்கறது அங்க போயிச் சேரறதில்ல" என்றார்.

பேத்தியின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி வந்தது. முன்னே மிதியோடு சேர்ந்த கை 40 மில்லிமீட்டர். நடுவில் நீளக் கம்பி. பெட்டிப் பக்கத்துக் கை 60 மில்லிமீட்டர். மிதி 24 டிகிரி அசைந்தால் பெட்டிக்குள் போவது 16 டிகிரிதான். போதாததற்குக் கம்பியின் இரு முனையிலும் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து, அந்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. உள்ளே கியரை ஒவ்வொன்றாகத் தள்ளும் பல் அமைப்பு, அதாவது ராட்செட், ஒரு அடியில் ஒரு பல்லை முழுசாகத் தாண்ட வேண்டும். முக்கால் வழியில் நின்றால் கியர் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

லேத்தில் இரண்டு கைகளையும் ஒரே நீளத்துக்குச் செய்து, தேய்ந்த ஓட்டைகளில் பித்தளை வளையம் (புஷ்) அடித்தோம். கம்பிக்கு ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. கழற்றாமலே முறுக்கி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கம்பி இரண்டு கைகளுக்கும் செங்குத்தாக நிற்கும்படி செட் செய்தார். பிறகு பெட்டியின் வெளி மூடியைத் திறந்து, ராட்செட்டை நிறுத்தும் தகட்டின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, தகட்டை நூலளவு நகர்த்தி முறுக்கினார். கள்ள நியூட்ரல் போயே போய்விட்டது. பினியன் எதையும் தொடவில்லை.

முதல் கியர் 'கடக்' மட்டும் அப்படியே இருந்தது. அது தனிக்கதை, சாயந்திரம் எழுதுகிறேன்.

சென்னை, புல்லட் 350 (1988), புல்லட் 500

அந்தத் தகட்டை நானும் செட் செய்திருக்கிறேன், சார். திருவொற்றியூரில் வளர்ந்தவன்; 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு ஃபேக்டரி இருக்கிற ஊர். எங்கள் தெருவில் அந்தத் தகட்டைப் பற்றித் தெரியாத பையனே கிடையாது.

சாயந்திரம் எழுதுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கிளட்சைப் பார்த்தீர்களா? மூன்று ஸ்பிரிங். ஒன்றின் ஸ்க்ரூ அரைச் சுற்று கூட இருந்தால், கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் கோணலாகத் தூக்கும். மூடியைக் கழற்றி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கையால் கிக்கரை மெதுவாகச் சுற்றுங்கள். பிளேட் தட்டாமாலை ஆடினால் கோணல். ஆடாத வரை ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். காலையில் முதல் வேலையாகக் கிளட்சைப் பிடித்தபடி இரண்டு உதை வெறுமனே உதைத்தால் ஒட்டிக் கிடக்கும் பிளேட்டுகள் பிரியும். எங்கள் அப்பா இதைச் செய்யாமல் வண்டியைத் தொடமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, பெட்ரோல் இல்லாமலே ஓட்டிப் பழகுகிறார் என்பார்.

இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினையும் பாருங்கள். தொய்வு அதிகம் என்றால் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு அடி விழும். அதைக் கியர் பெட்டி என்று நினைத்துப் பணத்தைக் கொட்டியவர் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

திருச்சி, மாமாவின் புல்லட்

நான் செய்தது இதற்கு நேர் எதிர். ஆக்டிவாவிலும் பல்சரிலும் பழகிய எனக்கு வலது கால் கியர் வரவே இல்லை. பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து, பால்பண்ணை சிக்னலில் ஒரு ஆட்டோவின் பின்னால் போய் முத்தமிட்டேன். சரி, கியரை இடது பக்கம் மாற்றிவிடலாம் என்று வண்டிக்குக் குறுக்கே ஒரு ஷாஃப்ட் போட்டு மாற்றினோம்.

கியர் விழுந்தது. ஆனால் விழுந்ததா என்று காலுக்குத் தெரியாது. தலையணையை மிதிக்கிற மாதிரி இருக்கும். இணைப்பு கூடக் கூட ஆட்டமும் கூடுகிறது என்று இப்போது உங்கள் பாகைமானிக் கதையைப் படித்ததும்தான் புரிகிறது. எட்டு மாதம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி வலது பக்கமே வைத்தேன், காலைப் பழக்கிக்கொண்டேன். மாமா, "இதைத்தானேடி முதல்லயே சொன்னேன்" என்றார். அவர் சொல்லவில்லை.

மதுரை, ஆர்எக்ஸ் 100

புல்லட் ஆட்கள் நடுவில் டூ ஸ்ட்ரோக்காரன் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையதில் கோளாறு கியரில் இல்லை, ட்யூனிங்கில். ஆனால் தெரிந்தது கியரில்தான்.

98 சிசி, நாலே கியர். ஒரு ட்யூனரிடம் கொடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டரில் புகை வெளியேறும் ஓட்டை) மேலே தூக்கி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிற வயிறு பெருத்த ரேஸ் சைலன்சர் போட்டேன். அழகர்கோவில் ரோட்டில் முதல் நாள் இரண்டாவது கியரில் முழுசாக இழுத்தபோது சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவதைப் போட்டேன். வண்டி செத்துவிட்டது. பம்மிக்கொண்டு ஒரு ஃபர்லாங் போய், அப்புறம் மெதுவாக உயிர் வந்தது.

ஏனென்றால் போர்ட்டைத் தூக்கினால் பவர் வருகிற இடம் மேலே ஏறி, அகலமும் சுருங்கிவிடுகிறது. நாலு கியர் பெட்டியில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரியது. இரண்டாவதில் உச்சியில் விட்டு மூன்றாவதைப் போட்டால் ஆர்பிஎம் அந்தச் சின்ன இடத்துக்குக் கீழே போய் விழுகிறது. ரேஸ் வண்டிகளுக்கு நெருக்கமான கியர் போடுவது இதற்குத்தான். நான் வேறு சிலிண்டர் வாங்கி, போர்ட்டைக் கொஞ்சமாக மட்டும் சுத்தம் செய்து, பழைய சைலன்சரையே மாட்டினேன். டாப் ஸ்பீடு குறைந்தது. வீட்டுக்கு வர, போக இதுதான் சுகம்.

போர்ட்டை அகலப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். பிஸ்டன் ரிங் அந்த ஓட்டையில் மாட்டி உடையும். என் பழைய சிலிண்டர் இப்போது மேசையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

சேலம்

வண்டியின் ஆர்.சி. விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஃப்ரேமை வெட்டாதீர்கள். அவ்வளவுதான்.

கோவை, புல்லட் 350 (1994)

ஃப்ரேமில் கை வைக்கவில்லை, சார். கழற்றிய சாமான் எல்லாம் மூட்டையாகப் பரண்மேல் இருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது பழைய சைலன்சரோடுதான் போகும்.

முதல் கியர் 'கடக்' கதைக்கு வருகிறேன். திருவொற்றியூர் அண்ணா சொன்னது பாதி சரி. கிளட்ச் ஸ்க்ரூ ஒன்று உண்மையாகவே கோணல், சரி செய்ததும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் போகவில்லை.

துப்பு ஊட்டியில் கிடைத்தது. மேட்டுப்பாளையம், கல்லாறு வழியாக ஏறினேன். கோவையில் திமிறிக்கொண்டிருந்த வண்டி குன்னூர் தாண்டியதும் பரம சாதுவாகிவிட்டது. ஐடிலிங் படிந்தது, பட் பட் குறைந்தது, முதல் கியர் 'டிக்' என்று விழுந்தது. குளிருக்கு வண்டிக்கும் குணம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கீழே இறங்கியதும் பழைய குருடி.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், காற்று மெலிசு. கார்புரேட்டர் அதே பெட்ரோலைக் கொடுக்கும், காற்று குறையும், அதனால் கலவை தானாகக் கெட்டியாகும். மேலே போனால் நன்றாக ஓடுகிறது என்றால் கீழே பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். குட்டை சைலன்சரும் கூம்பு ஃபில்டரும் போட்டவர், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தொடவே இல்லை. கலவை மெலிந்து இன்ஜின் நிற்க நிற்க, ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி விட்டிருக்கிறார். அந்த வேகத்தில் கிளட்சைப் பிடித்தாலும் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் போய் முதல் கியரைக் குத்தினால் 'கடக்' என்னாமல் என்ன செய்யும்?

கார்புரேட்டரை, மிக்கார்ப் விஎம் 24-ஐ, கழற்றினோம். ஹெட்டோடு சேரும் முகம் வளைந்திருந்தது, யாரோ போல்ட்டை மூர்க்கமாக முறுக்கியிருக்கிறார்கள். அந்த இடுக்கிலும் காற்று நுழைந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை விரித்து, முகத்தை எட்டு வரைந்தாற்போல் தேய்த்தார். நடுவில் கறுப்பாக இருந்த பள்ளம் மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் முழு முகமும் ஒரே வெள்ளையாக வந்தது. முக்கால் மணி நேரம். டீ இரண்டு முறை வந்தது.

பிறகு பெட்ரோல் கூடும்படி பைலட் ஜெட் ஒரு நம்பர் மேலே, நீடில் கிளிப் ஒரு காடி கீழே. இக்னிஷன் பாயின்ட் கேப் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). மெயின் ஜெட்டுக்கு பைபாஸில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முதலில் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு ஜெட் மாற்றிய பிறகு பிஸ்கட் நிறம். ஐடிலைக் கீழே இறக்கினோம். அந்தப் பழைய டுக் டுக் டுக் திரும்ப வந்தது. முதல் கியர் இப்போது 'டிக்'.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெட்டி சூடானதும் முதல் கியரிலிருந்து நியூட்ரல் சிக்க மறுக்கிறது. பழைய வண்டியில் அதற்கென்றே குதிகாலால் அழுத்தும் தனி நெம்புகோல் உண்டு. இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் நேரே நியூட்ரலுக்கு வரும், முதல் கியரிலிருந்து மட்டும் வராது. ஃபார்வர்டு கன்ட்ரோலில் என் கால் முன்னே போய்விட்டதால் குதிகால் அதற்கு எட்டுவதே இல்லை. இப்போது சிக்னலுக்கு முப்பது அடி முன்னாலேயே, இரண்டாவதில் இருக்கும்போது, குனிந்து கையால் அழுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று தேடுகிறார்கள். அதை முன்னே கொண்டுவர யாராவது கம்பி போட்டிருந்தால் கைகளின் நீளத்தைச் சொல்லுங்கள், பாகைமானி கையில் இருக்கிறது.