அப்பாவின் மொபைலில் ஐஎஸ்டி அழைப்பை மட்டும் தடுக்க முடியுமா?

தஞ்சை செல்வி:
அப்பாவுக்கு 74 வயது. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடும், யாரோ அவசரமாகத் தேடுகிறார்கள் என்று இவர் திருப்பிக் கூப்பிடுவார், போன மாதம் இரண்டு தடவை பேலன்ஸ் மொத்தமும் போய்விட்டது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் கூப்பிட்டால் வந்தாக வேண்டும். வெளியே போவதை மட்டும் பூட்ட வழி இருக்கிறதா? இதற்கென்று ஏதாவது ஆப்?

குமார்:
ஆப் வேண்டாம். *331*0000# என்று அடித்து கால் பட்டனை அழுத்துங்கள், வெளிநாட்டுக்குப் போகும் அழைப்பு மட்டும் நிற்கும், வருவது வரும். அதில் 0000 என்பது பாஸ்வேர்டு, சில கம்பெனிகளில் அதற்குப் பதில் 1234. ஊகித்து அடிக்காதீர்கள், மூன்று முறை தப்பானால் அந்த பாஸ்வேர்டே முடங்கிவிடும், கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று, கடைசி 1-ஐ விட்டு *33* என்று அடித்தால் உள்ளூர் அழைப்பும் சேர்ந்து நின்றுவிடும். திறக்க #331*0000#. சில நெட்வொர்க்கில் இந்தக் கோடு எடுக்காது, அப்போது ஐஎஸ்டி வசதியையே நீக்கச் சொல்லிவிடுங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச்காரர்:
குமார் சொன்னதுதான் சரி, பூட்டு போனில் இருக்கக் கூடாது, கம்பெனி பக்கம் இருக்க வேண்டும். டயலைச் சுற்றும் போன் இருந்த காலத்தில் கடைக்காரர்கள் டயல் ஓட்டையில் குட்டிப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கடைப் பையன் ரிசீவரை எடுத்து, அது உட்காரும் பொத்தானை விரலால் டக் டக்கென்று தட்டியே நம்பர் போடுவான்: மூன்றுக்கு மூன்று தட்டு, எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்புக்கு முதலில் போடும் பூஜ்யத்துக்குப் பத்து தட்டு. எக்ஸ்சேஞ்சுக்கு அது டயலா விரலா என்று தெரியாது. அப்புறம் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்து ரகசிய எண் போட்டு எஸ்டிடியைப் பூட்டும் வசதி கிடைத்த பிறகுதான் அந்தக் கடைக்காரர்களுக்கு நிம்மதி, பூஜ்யம் வந்ததுமே எக்ஸ்சேஞ்ச் மறுத்துவிடும். உங்கள் *331-ம் அதே மாதிரிதான், அப்பா வேறு போனில் சிம்மைப் போட்டாலும் பூட்டு நிற்கும். அப்புறம், யாராவது *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னால் அடிக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அது அவருக்கு வரும் அழைப்பை அவர்கள் போனுக்குத் திருப்பிவிடும் கோடு. 2024 ஏப்ரல் 15 முதல் அரசு இதை நிறுத்தச் சொன்னது, ஆனாலும் சொல்லிவையுங்கள்.

தஞ்சை செல்வி:
0000 எடுத்துக்கொண்டது! தம்பி எண்ணுக்கு அடித்துப் பார்த்தோம், போகவில்லை. அவன் கூப்பிட்டான், வந்தது. வாட்ஸ்அப் காலும் பழையபடி போகிறது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.