குடும்ப வாழ்க்கையைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாமா?

தாமிரபரணி:
வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். மகள் ஒன்பதாம் வகுப்பு. போன கூட்டத்தில் ஓர் ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி உடல் வளர்ச்சி, நட்பு, காதல், கல்யாணம், வீட்டு வரவு செலவு பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாம் என்றார். அவ்வளவுதான், ஓர் அப்பா எழுந்து "பிள்ளையப் படிக்க அனுப்புறோமா, இதுக்கு அனுப்புறோமா?" என்று சத்தம் போட, தலைமையாசிரியர் டீயை வரவழைத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் இது மறுபடி வரும். நான் வேண்டும் என்கிற பக்கம். வேண்டாம் என்பவர்கள் காரணத்தை இங்கேயாவது நிதானமாகச் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
அந்த அப்பா நான் இல்லை, ஆனால் அவர் பக்கம்தான். நிதானமாகவே சொல்கிறேன்.

உடலைப் பற்றிய பாடம் ஏற்கெனவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம். அதைத் தாண்டி காதல், கல்யாணம் என்று போனால் அது அறிவியல் இல்லை, அபிப்பிராயம். என் மகள் காதில் யாருடைய அபிப்பிராயம் விழ வேண்டும் என்பதை நானும் என் மனைவியும் முடிவு செய்துகொள்கிறோம்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. மத்திய அரசு 2005-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-ல் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வரிசையாக நிறுத்தினார்கள். அதில் காங்கிரஸ் ஆட்சியும் உண்டு, பாஜக ஆட்சியும் உண்டு. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது, எச்.ஐ.வி. போன்றவற்றை மேல்நிலை வகுப்பு உயிரியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தது. இத்தனை பேரும் பத்தாம்பசலிகள் என்கிறீர்களா?

சாக்பீஸ்:
அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். "ஏற்கெனவே இருக்கிறது" என்கிற அந்தப் பாடம் எப்படி நடக்கிறது தெரியுமா சார்? மகரந்தச் சேர்க்கைக்குச் செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டி நிறுத்தி நிதானமாக எடுப்போம். மனித உடல் வந்ததும் "படத்தைப் பார்த்து வரைஞ்சுக்கோங்க, பாகம் குறிக்கிற கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவோம். கடைசி பெஞ்சில் சிரிப்பு, பெண் பிள்ளைகள் நோட்டை விட்டுத் தலையைத் தூக்குவதில்லை. நாங்கள் எல்லாரும் இப்படித்தான்.

அப்புறம் சாக்பீஸ் பெட்டியில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டுப் போடச் சொன்னேன். வந்தவற்றில் சில:

"தேதி தள்ளிப்போனா கேன்சரா மிஸ்?"

"மீசை முளைக்கலைனா ஆம்பள இல்லையா?"

"அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிச்சா யாருக்கு போன் பண்ணணும்?"

"அக்காவத் தாய்மாமாவுக்குக் கட்டிக்கொடுக்கப் போறாங்க. அவ பன்னெண்டாவது. நான் என்ன செய்யணும்?"

நீங்கள் பயப்படும் மாதிரி கேள்வியும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. அது பெரும்பாலும் கலாட்டாவுக்கு எழுதுவது, கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் மேலே இருப்பதில் எது அபிப்பிராயம், சொல்லுங்கள்.

மண்வெட்டி:
எல்லாம் வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு நம் குடும்ப அமைப்பை உடைக்கச் செய்கிற வேலை. இதற்கு ஒரு விவாதம் வேறு.

நடுநிசி:
பணம் வருகிறது என்றால் முதலில் எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு போடச் சொல்லுங்க அண்ணே.

ஊர்க்குருவி:
சாக்பீஸ் மேடம், தாய்மாமன் கல்யாணத்தை நீங்களே இழுத்துவிட்டதால் சொல்கிறேன். என் அண்ணன் கட்டியிருப்பது எங்கள் சொந்த அக்கா மகளை. மூத்த பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இளையவள் பத்தாவது படித்தபோது வகுப்பில் மரபியல் நடத்திய ஆசிரியர் "சொந்தத்துல கட்டினா பிள்ளை ஊனமாத்தான் பொறக்கும்" என்று சொல்லியிருக்கிறார். ஊரே ஒரு தெருதான், எல்லாருக்கும் எல்லார் வீடும் தெரியும். மொத்த வகுப்பும் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் "அண்ணனுக்கு இப்படி ஆனதுக்கு நீங்கதான காரணம்?" என்று கேட்டாள். அண்ணி பிசைந்த மாவை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் தீரவில்லை.

தன் சொந்தப் பாடத்தையே பக்குவமாகச் சொல்லத் தெரியாத ஆளிடம் காதலையும் கல்யாணத்தையும் கொடுக்கச் சொல்கிறீர்கள். என் எதிர்ப்பு அங்கேதான்.

சாக்பீஸ்:
அவர் சொன்னது அறிவியலாகவும் தப்பு. நெருங்கிய உறவில் கட்டினால் சில பிறவிக் குறைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. "ஊனமாத்தான் பொறக்கும்" என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் உறவுக்குள் நடப்பது என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. எந்த வகுப்பிலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரிந்தால் எந்த ஆசிரியருக்கும் வாய் தானாகவே நிதானத்துக்கு வரும்.

அதற்குத்தான் பயிற்சி. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் பள்ளி நலத் திட்டம் ஒன்று அறிவித்தார்கள். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, 11 தலைப்புகள். மனநலம், உறவுகள், போதை, ஆண் பெண் சமத்துவம், இணையப் பாதுகாப்பு, இனப்பெருக்க நலம் எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் அருமையான திட்டம். பயிற்சிக்குப் போய் வந்தவரைத் தேர்தல் வேலைக்கும் எமிஸ் என்கிற மாணவர் விவர இணையப் பதிவுக்கும் உட்கார வைத்துவிட்டால் பாடத்தை யார் நடத்துவது என்பது வேறு கதை.

கருப்புக்கோட்டு:
மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். இரண்டு பேரும் சட்டத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. பெண்ணுக்குப் பதினேழு, பையனுக்குப் பத்தொன்பது, இருவரும் விரும்பித்தான் ஓடிப்போனார்கள் என்றாலும் பையன் குற்றவாளி. உடலுறவு நடந்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 10 ஆண்டு. பெண் கர்ப்பமாகிவிட்டால் 20. எங்கள் நீதிமன்ற வராந்தாவில் இப்படிப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். "இது குற்றம்னு தெரியாது சார், கல்யாணமே பண்ணிக்கிட்டோமே" என்பதுதான் எல்லாரும் சொல்வது. 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலர்களைச் சிறைக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார். உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களுக்குச் சரி.

சாக்பீஸ் மேடத்துக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டி நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளை நேரில் வந்து, தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையோ தன் காதல் எதுவரை போயிருக்கிறது என்பதையோ சொல்லிவிட்டால், 19-ஆவது பிரிவின்படி நீங்கள் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். மறைத்தால் உங்களுக்கு 6 மாதம் வரை, தலைமையாசிரியருக்கு ஓராண்டு வரை சிறை. மருத்துவர்கள் விஷயத்தில் மட்டும் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கொஞ்சம் கதவைத் திறந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிட வேண்டியதில்லை. ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே "என்னிடம் சொன்னால் இன்னின்னதை நான் ரகசியமாக வைக்க முடியாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேர்மை இல்லாமல் பெட்டி வைப்பது ஆபத்து.

ஊர்க்குருவி:
இதைப் பாடமாக வையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சட்டம் என்றால் சட்டம். ஆண்பிள்ளை பெற்றவர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நடுநிசி:
வெறும் சட்டம் சொன்னால் பயம் மட்டும்தான் வரும் அண்ணே. எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் செட்டுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது டெலிகிராம் குரூப். அதில் வந்த வீடியோவைப் பார்த்து ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நம்பினோம். அதைக் கேள்வி கேட்க ஓர் ஆள் இல்லை. என் நண்பன் ஒருவனுக்குக் கல்யாணமாகி முதல் மாதமே பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணத்தை அவன் யாரிடம் சொல்வான்?

கருப்புக்கோட்டு:
நடுநிசி சொல்வது உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. சிறார் ஆபாசப் படங்களை போனில் வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர் வழக்கில், அதை வைத்திருப்பதே குற்றம் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நான் மேலே பாராட்டிய அதே நீதிபதி அந்த இளைஞரை விடுவித்திருந்தார், அந்தத் தீர்ப்பைத்தான் ரத்து செய்தார்கள். கூடவே, பிள்ளைகளுக்கு உடல்நல, பாலியல் கல்வியை வகுக்க நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கும் சொன்னார்கள். 2009 குழு அறிக்கையை ஆதாரம் காட்டும் ஊர்க்குருவி இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மணி:
கத்தோலிக்கர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கோவிலில் கல்யாணம் என்றால் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். சாமியார் ஒருவர், டாக்டர் ஒருவர், கல்யாணமாகி ரொம்ப வருடம் ஆன தம்பதி ஒன்று என்று பேசுவார்கள். சாமியார் பேசியது எனக்கு நினைவில்லை. அந்தத் தம்பதி செய்ததுதான் நிற்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புவீர்கள் என்று எழுதி, தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஜோடியில் மாப்பிள்ளை தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனை மறைத்திருந்தார். பெண்ணுக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது. அங்கேயே சண்டை, அழுகை. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டுப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

குறையும் உண்டு. கருத்தடை என்று வந்தால் சபையின் போதனை மட்டும்தான், எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அப்புறம் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு இதைச் சொல்லி என்ன பயன்? பதினேழு வயதில் சொல்ல வேண்டியது.

ஊர்க்குருவி:
நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது உங்கள் சபை, உங்கள் நம்பிக்கை, உங்களுக்குத் தெரிந்த ஆட்கள். பிடிக்காததை ஒதுக்கிக்கொள்ள உங்களுக்கு வயதும் இருந்தது. அரசுப் பள்ளியில் உட்காரும் பதினான்கு வயதுப் பிள்ளை எதை ஒதுக்கும்?

தாமிரபரணி:
சபை இல்லாதவர்கள் எங்கே போவது? எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, மாமன் சீர் வரிசை ஊரே பார்க்க வருகிறது. மேடையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று சொன்ன ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருப்பாரா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் யாரும் தொடவே இல்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள். செய்கிற ஆண் 97. கேரளாவில் 2024-ல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். குடும்ப வாழ்க்கைக் கல்வி என்றாலே படுக்கையறை என்று ஏன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள்? தேங்காயில் தொடங்கலாமே.

வைகைக்கரை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் சொல்கிறேன். பயம் பாடத்தைப் பார்த்து இல்லை. "துணையை நீயே தேர்ந்தெடுக்கலாம்" என்று ஒரு டீச்சர் சொல்லிவிட்டால் பிள்ளை சாதி மாறிக் கட்டிவிடும் என்ற பயம். 2016-ல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கட்டியதற்காகப் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, அந்த ஊரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

ஊர்க்குருவி:
எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். என் அண்ணன் வீட்டுக் கதையை எதற்குச் சொன்னேன்? ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி அப்பாக்கள் இருக்கிறார்கள், மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டினால் தீர்மானம் நிறைவேறாது, அதையும் தாமிரபரணி யோசிக்க வேண்டும்.

தாமிரபரணி:
சரி, எதற்கு நீங்கள் கை தூக்குவீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
உடலைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ செவிலியரோ வந்து பேசட்டும். சட்டத்தை வக்கீல் பேசட்டும். வரவு செலவும் வீட்டு வேலையும் உங்கள் ஆசிரியரே எடுக்கட்டும். எதைப் பேசப் போகிறார்கள் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். காதல், கல்யாணம் வேண்டாம்.

சாக்பீஸ்:
பன்னிரண்டாவது படிக்கிற அக்காவைத் தாய்மாமனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வந்த சீட்டை இதில் எங்கே வைப்பீர்கள்? அது கல்யாணம்தானே?

ஊர்க்குருவி:
பதினெட்டு ஆகவில்லை என்றால் அது சட்டம். சிறார் உதவி எண் 1098-க்கு போன் பண்ண வேண்டியதுதான்.

சாக்பீஸ்:
தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு ஆவதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது என்று 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 1098 எண்ணை அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, நிச்சயம் பண்ணுகிற வீட்டிலா?

ஊர்க்குருவி:
சரி, அதை வகுப்பிலேயே சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக, ஆண் ஆசிரியர் எடுக்க வேண்டும்.

தாமிரபரணி:
எங்கள் பள்ளியில் இருக்கிற ஒரே ஆண் ஆசிரியர் பி.இ.டி. மாஸ்டர். அவர் பீரியடையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார். முதலில் அதை மீட்டுத் தரச் சொல்லி மனு எழுதுகிறேன்.