எதிரே ஆளில்லாத மேசை: தனியாள் போர் விளையாட்டு அனுபவங்கள்

தனியாக ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. கணினியில் ஆடுவதைச் சொல்லவில்லை. மேசைமேல் வரைபடத்தை விரித்து, படைகளைக் குறிக்கும் அட்டைச் சில்லுகளை அடுக்கி, பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஆடுவது. முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது 'தி ஹண்டர்ஸ்'. கிரெகரி ஸ்மித் வடிவமைத்து 2013-இல் வெளிவந்தது. 1939 முதல் 1943 வரை அட்லாண்டிக்கில் உலவிய ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கேப்டன் நீங்கள். கப்பல் கண்ணில் பட்டதா, என்ன கப்பல், காவல் கப்பல் உடன் வருகிறதா என்று எல்லாவற்றையும் பகடையும் அட்டவணையும் சொல்லும். பகலில் தாக்குவதா இரவிலா, நீருக்கு மேலிருந்தா அடியிலிருந்தா, எவ்வளவு நெருங்கிப் போவது என்பது மட்டும் உங்கள் கையில்.

போரின் முதல் மாதங்கள். இரவு, நீர்மட்டத்துக்கு மேலே, மிக நெருக்கத்தில், பெரிய சரக்குக் கப்பல் ஒன்றின் மேல் நான்கு டார்ப்பீடோக்களை விட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பகடை: பட்டதா, வெடித்ததா, எவ்வளவு சேதம். இரண்டு பட்டன. இரண்டுமே வெடிக்கவில்லை. காவல் கப்பல் திரும்பியது. அதன்பின் வெடிகுண்டுகள், உடலில் விரிசல், உள்ளே ஏறும் தண்ணீர், காயம்பட்ட பொறியாளர். ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்காமல் துறைமுகம் திரும்பினேன்.

அந்தக் காலத்து ஜெர்மன் டார்ப்பீடோக்கள் பழுதானவை என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். 1940 ஏப்ரலில் நார்வே கடலோரத்தில் குறி தப்பாமல் எய்தும் ஒன்றும் நடக்காமல் கேப்டன்கள் கொதித்துப்போனார்கள் என்பதும் தெரியும். தெரிந்தது வேறு, அன்று இரவு பகடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வேறு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "எதிரில்தான் யாருமே இல்லையே, யாரிடம் தோற்றீர்கள் அப்பா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில் 1

வடிவமைத்தவரிடம் தோற்றீர்கள் என்று சொல்லுங்கள். 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் போர் விளையாட்டை வெளியிட்டபோது இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருந்தார். எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு எது தெரியலாமோ அதை மட்டும் சொல்வார். தனியாள் ஆட்டத்தில் அந்த நடுவரைக் காகிதத்துக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதை நான் உணர்ந்தது 'ஆம்புஷ்!' ஆடியபோது. 1983-இல் எரிக் லீ ஸ்மித்தும் ஜான் பட்டர்ஃபீல்டும் செய்தது. எட்டு அமெரிக்கச் சிப்பாய்கள், அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், கூடவே ஒரு புத்தகம். ஒவ்வொரு பணிக்கும் உரிய அட்டையை ஓர் உறைக்குள் செருகி வைத்திருப்பீர்கள். சிப்பாய் புதிய கட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததும் உறையின் திறப்பு வழியே அந்தக் கட்டத்துக்கான எண்ணைத் தேட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எண் இருந்தால் புத்தகத்தில் அந்தப் பத்தியைப் படிக்க வேண்டும். வெறும் பறவைச் சத்தமாக இருக்கலாம், இயந்திரத் துப்பாக்கியாகவும் இருக்கலாம். அந்த உறையை நகர்த்தும்போது என் விரல் தானாகவே மெதுவாகிவிடும்.

குறையையும் சொல்ல வேண்டும். ஒரு பணியை ஆடி முடித்துவிட்டால் எதிரி எங்கிருந்து வருவான் என்பது மனத்தில் தங்கிவிடுகிறது. 'பர்ப்பிள் ஹார்ட்', 'சில்வர் ஸ்டார்' போன்ற தொடர் பெட்டிகள் அதற்காகத்தான் வந்தன. எல்லாமே அச்சாவது நின்று வெகுகாலம் ஆகிறது. என்னுடையதும் இன்னொருவர் கையிலிருந்து வந்த பெட்டிதான். முழுமையாக இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார். திறந்து எண்ணிப் பார்த்தால் ஒரு பணியின் அட்டையையே காணவில்லை. அதே ஆட்டத்தை வைத்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், தம்முடைய அட்டையைப் பிரதி எடுத்து அனுப்பிவைத்தார். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே சில்லுகள், அட்டைகள், புத்தகங்கள் என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். பிரிக்காத சில்லுத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் எதுவும் தொலைந்திருக்க வழியில்லை.

பதில் 2

தனியாளுக்கென்றே செய்த ஆட்டங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இருவர் ஆடுவதை ஒருவனாக ஆடுகிறவன். இது நேற்று வந்த பழக்கம் அல்ல. அவலான் ஹில் நிறுவனம் தன் பெட்டிகளின் மேலேயே இந்த ஆட்டம் தனியாக ஆட எவ்வளவு ஏற்றது என்று அச்சிட்டு விற்றது. வாங்குகிறவர்களில் பலருக்கு எதிராளி கிடைப்பதில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கம் உட்கார்ந்து இதற்கு எது நல்லதோ அதைச் செய்கிறேன். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய் அதற்கு எது நல்லதோ அதைச் செய்கிறேன். நாற்காலியை மாற்றுவது எனக்கு முக்கியம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்தால் என் தற்காப்பு வரிசையில் இருக்கும் ஓட்டை உடனே தெரிந்துவிடுகிறது. மறைத்து வைப்பதையே உயிராகக் கொண்ட ஆட்டங்களுக்கு இது ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஆடலாம். எது கிடைக்கவில்லை, எது அச்சில் இல்லை என்ற கவலையும் பாதி தீரும். இடமில்லாதவர்களுக்கு வஸால் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வரைபடமும் சில்லுகளும் திரையில் வரும், நகர்த்துவதும் யோசிப்பதும் நாம்தான்.

பதில் 3

நான் எழுதப்போவது வேறு மாதிரி. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். யாரையும் வீட்டுக்கு அழைக்க முடியாது, எங்கும் போகவும் முடியாது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் என் கையில் இருக்காது. அப்போதுதான் 'பி-17: குயீன் ஆஃப் த ஸ்கைஸ்' எனக்குத் துணையாக வந்தது. கிளென் ஃபிராங்க் வடிவமைத்தது. 1981-இல் முதலில் வந்து, 1983-இல் அவலான் ஹில் பதிப்பாகப் பரவியது.

ஒரு குண்டுவீச்சு விமானம், பத்துப் பேர். 25 முறை போய்த் திரும்பினால் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். அன்றைய அமெரிக்க எட்டாம் விமானப்படையில் உண்மையாகவே இருந்த கணக்கு அது, பிறகுதான் 30, 35 என்று கூட்டினார்கள். பத்துப் பேருக்கும் பெயர் வைத்து ஒரு நோட்டில் எழுதினேன். பறப்பு மண்டலம் மண்டலமாக நகரும். எதிரி விமானம் வருமா, எந்தத் திசையிலிருந்து வரும், எங்கே குண்டு பாயும் என்று வரிசையாகப் பகடை உருட்ட வேண்டும்.

முடிவெடுக்க இதில் அதிகம் இல்லை, வெறும் பகடை என்று பலர் குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 25,000 அடி உயரத்தில் அணிவகுப்பைவிட்டு விலக முடியாமல் பறந்தவர்களுக்கும் முடிவெடுக்க என்ன இருந்தது? பதினோராவது பயணத்தில் வெப்ப அமைப்பு அறுந்து, இடுப்புப் பகுதியில் நின்று சுடுகிறவருக்குக் கை உறைந்துபோனது. வால்பக்கம் இருந்தவர் திரும்பவே இல்லை. அவர் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் புதிய பெயரை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அம்மா கூப்பிட்டால் பகடையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது விமானம் விட்ட இடத்திலேயே இருக்கும். எதிராளி காத்திருக்கிறாரே என்ற பதற்றம் இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஆட்டங்கள் எனக்குக் கொடுத்தவற்றில் பெரியது அதுதான்.

பதில் 4

மேலே எழுதிய சகோதரிக்கு வணக்கம். அந்தக் கோடு போட்ட பக்கம் கண்முன்னே நிற்கிறது.

என் பங்குக்கு 'டி-டே அட் ஒமாஹா பீச்'. இதுவும் ஜான் பட்டர்ஃபீல்ட் செய்ததுதான், 2009-இல். பிரான்சின் நார்மண்டி கடற்கரை, 1944 ஜூன் 6 காலை, ஒரு சுற்றுக்கு 15 நிமிடம். தரையிறங்கும் அமெரிக்கப் படை நீங்கள். மேட்டின் மேல் இருக்கும் ஜெர்மானியர்களைச் சீட்டுக்கட்டு நடத்துகிறது.

நுட்பத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜெர்மன் அரணுக்கும் ஒரு நிறம். அந்த அரணின் குண்டு எட்டும் கட்டங்களில் அதே நிறத்தில் புள்ளிகள். உங்கள் படைப்பிரிவு ஒவ்வொன்றின் மேலும் ஒரு வடிவம்: வட்டம், முக்கோணம், சாய்சதுரம். சீட்டை எடுத்தால் அதில் நிறங்களும் வடிவங்களும் இருக்கும். இந்த நிறத்து அரண்கள் சுடுகின்றன, அவற்றின் பார்வையில் இந்த வடிவம் கொண்ட பிரிவுகள் அடிபடுகின்றன. அவ்வளவுதான் விதி. பகடையே கிடையாது. ஆகவே ஒரே கட்டத்தில் ஒரே வடிவத்தை நெருக்கி வைத்தால் ஒரு சீட்டில் எல்லாம் போய்விடும். பிரித்து வைத்தால் தாக்குவதற்குப் பலம் சேராது. கடற்கரையின் நெரிசலையும் பயத்தையும் மூன்று வடிவங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

முதல் ஆட்டத்தில் நான் போட்ட திட்டம் அலையில் போனது. இறங்க வேண்டிய இடத்தில் ஒரு படைக் கம்பெனிகூட இறங்கவில்லை, எல்லாம் கிழக்கே ஒதுங்கின. நீந்திவர வேண்டிய டாங்கிகள் கரையைத் தொடவே இல்லை. இது அளவுக்கு மீறிய கொடுமை என்று நினைத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். அன்று 741-ஆவது டாங்கி பட்டாலியன் கடலில் இறக்கிய 29 நீந்தும் டாங்கிகளில் 27 மூழ்கின. விதியெழுதியவர் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை.

நான்காவது முறைதான் மேட்டின் மேல் கால் வைத்தேன். ஒரே ஒரு பிரிவு. அதைச் சுற்றி இருந்தவை எல்லாம் போய்விட்டிருந்தன. நள்ளிரவு தாண்டியிருந்தது, எழுந்து நின்று கொஞ்ச நேரம் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் 5

புதியவர்கள் படித்தால் பயந்துவிடப் போகிறார்கள், அதனால் நடைமுறை பற்றிச் சில வார்த்தை.

'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (2008) போன்ற ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். அருமையான ஆட்டம்தான், ஆனால் அதன் முதல் விதிப்புத்தகத்தோடு நான் பட்ட பாட்டை யாரும் படக் கூடாது. 'ஸ்டேட்ஸ் ஆஃப் ஸீஜ்' வரிசையில் தொடங்குங்கள். நடுவில் நீங்கள், சுற்றிலும் இருந்து பல பாதைகளில் எதிரிகள், ஒரு சீட்டு எடுத்தால் யார் நெருங்குகிறார்கள் என்று தெரியும். அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடியும். என்னுடைய முதல் பெட்டி 'ஸூலூஸ் ஆன் த ராம்பார்ட்ஸ்!'. 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் ஸூலூ படையை எதிர்த்து பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர் ஓரிரவு முழுக்கத் தாக்குப்பிடித்த கதை. அதை வெளியிட்ட நிறுவனம் சில்லுகளை லேசரில் வெட்டி விற்றது. விளிம்பெல்லாம் கரி. அதைத் துடைப்பதற்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு காகிதத் துவாலையும் வைத்திருந்தார்கள். கை கறுக்கக் கறுக்க ஒவ்வொரு சில்லாகத் துடைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

கிடைப்பது பற்றி: இந்த ஆட்டங்கள் கொஞ்சமாகவே அச்சாகின்றன, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஜி.எம்.டி. நிறுவனம் 'பி 500' என்று ஒரு வழி வைத்திருக்கிறது. 500 பேர் முன்பதிவு செய்தால் அச்சுக்குப் போகத் தகுதி பெறும். மறுபதிப்புக்கும் இதே வழி. பொறுமை உள்ளவர்களுக்கு இது சரி. எனக்குப் பிடித்தது, வடிவமைப்பாளர்களே இலவசமாகத் தரும் கோப்புகளை அச்சிட்டு நாமே ஆட்டத்தைச் செய்துகொள்வது. சில்லுத் தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி, ஓரிரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். உலோக அளவுகோல், புதிய பிளேடு. ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மூன்று முறை மெதுவாக இழுத்தால் விளிம்பு பிய்யாது.

தொடங்கியவர் எழுதுவது

எல்லாரும் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நடுவரைக் காகிதத்துக்குள் வைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. பி-17 நோட்டைப் பற்றிப் படித்தபோது ஒன்றும் பேசவில்லை.

எனக்குள் இருந்த ஓர் உறுத்தலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஆடுவது நாஜி ஜெர்மனியின் நீர்மூழ்கியை. அந்தக் கப்பல்களில் போனவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் திரும்பவில்லை. அவர்கள் மூழ்கடித்த சரக்குக் கப்பல்களில் இருந்த மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் போனார்கள். பதிவேட்டில் கப்பலின் பெயரையும் எடையையும் எழுதும்போதெல்லாம் இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நினைக்க வைப்பதால்தான் ஆடுகிறேன்.

அடுத்து, 2019-இல் வந்த 'காந்தி' ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள், ஆங்கில அரசு என்று நான்கு தரப்பு. நாம் ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றவற்றை 'அர்ஜுனா' என்ற சீட்டுக்கட்டு நடத்துமாம். ஆடியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நேற்று இரவு புதிய பயணம் தொடங்கினேன். மகள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய்க் கப்பல் ஒன்று அகப்பட்டது, காவல் இல்லை. பகடையை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு உருட்டாமல் கேட்டாள்: "அதில் எத்தனை பேர் இருப்பார்கள்?" சுமார் நாற்பது பேர் இருக்கலாம் என்றேன். பகடையை மேசைமேல் வைத்துவிட்டாள். அந்தக் கப்பலைப் போகவிட்டோம்.