பாலைவனத்தில் கொட்டும் மழை: ஒரு கேள்வியில் சிக்கி நிற்கிறேன்

வணக்கம். வானிலை வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் கத்ம் அல் ஷக்லா பகுதியில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. மழை பதிவானது. செயற்கை மழைதான் காரணம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். எனக்கு அது அப்போதே ஒப்பவில்லை. மேகத்தில் உப்பைத் தூவி அவ்வளவு நீரை வரவழைக்க முடியுமா என்ன?

நான் புரிந்துகொண்டது இது. பாலைவனங்களின் மேல் காற்று பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருந்து, ஒரு மூடிபோல மேகத்தை வளரவிடுவதில்லை. மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து குளிர்ந்த சுழல் ஒன்று அறுந்து வந்து மெதுவாக நகர்ந்தால் அந்த மூடி திறக்கிறது. கூடவே வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரமும் வந்து சேர வேண்டும். 2015 மார்ச்சில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் வெள்ளம் வந்தது இப்படித்தான்.

ஆனால் பல சுழல்கள் மழையில்லாமலே கடந்துவிடுகின்றன. சில வேளைகளில் துளிகள் தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகின்றன. எது பொழியும், எது ஏமாற்றும் என்று முன்கூட்டியே அறிய எந்த உயரத்து வரைபடத்தைப் பார்க்க வேண்டும்? காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்து (சுமார் ஐந்தரை கி.மீ.) வரைபடம் போதுமா, ஈரத்துக்கு 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்து (சுமார் ஒன்றரை கி.மீ.) வரைபடமும் தேவையா? பழைய தரவுகள் இலவசமாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.